கலைவாணரின் அறிவு எங்கே இருந்தது?

கேள்வி இது: "எங்கள் வீட்டில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சி. தாத்தாவுக்கு அவர் மாமேதை. கல்லூரியில் படிக்கும் என் தம்பிக்கோ அவருடைய காட்சிகளைப் பார்த்தால் சிரிப்பே வருவதில்லை. கருத்து பெரியாரும் அண்ணாவும் கொடுத்தது, பாட்டு உடுமலை நாராயணகவி எழுதியது, இவர் நடித்துக் காட்டினார், அவ்வளவுதான் என்கிறான். நாகர்கோவில்காரராக நீங்கள் என்ன சொல்வீர்கள்?"

நான் தாத்தாவின் பக்கம். ஆனால் தாத்தா சொல்லும் காரணங்களுக்காக அல்ல. 'சிரிக்க வைத்தார், சிந்திக்கவும் வைத்தார்' என்று எழுபது ஆண்டுகளாக எல்லா மேடைகளிலும் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியத்தைத் தேய்த்துவிட்டோம். சிரிப்பு ஒரு பாத்திரத்தில், சிந்தனை இன்னொரு பாத்திரத்தில் இருந்தது போலவும், இவர் இரண்டையும் கலந்து பரிமாறியது போலவும் அது பேசுகிறது. அப்படிப் பிரித்துவிட்டால் தம்பியின் கேள்வி நியாயமாகிவிடுகிறது. சிந்தனை யாருடையது? சிரிப்பு இன்னும் மிச்சம் இருக்கிறதா? உங்கள் தம்பி குறும்புக்குக் கேட்கவில்லை. சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான். அவனுக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும்.

பதிலை நாகர்கோவிலின் ஒழுகினசேரியிலிருந்து தொடங்குகிறேன். 1908-இல் அவர் பிறந்தபோது அது திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்த ஊர். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று; அவர் காலமானது 1957 ஆகஸ்ட் 30. ஆக, பிறந்த மண் தமிழ்நாட்டில் சேர்ந்த பிறகு அவர் பத்து மாதம்தான் உயிரோடு இருந்தார். தந்தை பெயர் சுடலைமுத்து, தாய் பெயர் இசக்கியம்மாள். வெளியூர்க்காரர்களுக்கு இவை வெறும் பெயர்கள். நமக்கோ ஊர்க் கோயில் கொடைவிழாவில் விடிய விடிய வில்லில் பாடப்படும் சுடலைமாடன் கதையும் இசக்கியம்மன் கதையும் அந்தப் பெயர்களிலேயே கேட்கின்றன. குடும்பத்தில் வறுமை. படிப்பைத் தொடர முடியவில்லை. டென்னிஸ் மட்டைகளுக்கு நரம்பு பின்னினார், நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார், வில்லுப்பாட்டுக் குழுவில் பாடினார். பிறகுதான் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு, அதன் பிறகு சினிமா.

இந்த வில்லுப்பாட்டில்தான் விஷயம் இருக்கிறது. அவருடைய வாழ்க்கை வரலாற்றில் எல்லோரும் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

கொடை நடக்கும் கோயிலில் வில்லுக்கு எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? நடுவில் புலவர். அவர் முன்னால் மணிகள் கட்டிய நீண்ட வில், கையில் வீசுகோல். ஒருபுறம் குடத்தை மட்டையால் அடிப்பவர், உடுக்கைக்காரர், ஜால்ரா போடுபவர். அவர்களில் ஒருவருக்குத் தாளம் போடுவதோடு இன்னொரு வேலையும் உண்டு. புலவர் ஒரு வரி சொன்னதும் 'ஆமா' என்பார். சில இடத்தில் 'அப்படியா?' என்பார். சில இடத்தில் ஒன்றும் தெரியாதவர் போல ஒரு கேள்வி போடுவார். 'சரி, அம்மை ஏன் அங்கே போனா?' என்று அவர் கேட்டால், அது முன்வரிசையில் தூக்கத்தோடு போராடிக்கொண்டிருக்கும் பாட்டியின் கேள்வி. நடுச்சாமத்துக்கு மேல் ஊர் தூங்கி விழும் நேரத்தில், இந்த ஆள் அசட்டுத்தனமாக ஒன்று கேட்பார், கூட்டம் கொல்லென்று சிரிக்கும், அந்தச் சிரிப்பு அடங்கும் முன் புலவர் கதையின் அடுத்த படிக்கு ஏறிவிடுவார். தெரியாதவராக நடிக்கும் அந்த மனிதருக்குக் கதை முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். எந்த இடத்தில் கேட்பவருக்குச் சந்தேகம் வரும், எந்த இடத்தில் சலிப்பு வரும் என்பது புலவரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

என்.எஸ்.கிருஷ்ணன் சினிமாவுக்குக் கொண்டு போனது இந்த இருக்கையைத்தான். அவர் காட்சிகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் பல படங்களில் ஓர் ஒழுங்கு தெரியும். அறிவுரை அவர் வாயிலிருந்து வரும்போது காட்சி தளர்கிறது. அவர் தெரியாதவராக, வீம்பு பேசுபவராக, மாட்டிக்கொள்பவராக இருக்கும்போது காட்சி நிமிர்கிறது. மனைவியும் நடிகையுமான டி.ஏ.மதுரம் அம்மையாரோடு அவர் நடித்த காட்சிகள் இதற்கு நல்ல சாட்சி. அவர் பெரிய வாயாகப் பேசிக்கொண்டே போவார். அந்த அம்மாள் ஒரு சின்னக் கேள்வியில் அதை நறுக்கிவிடுவார். அந்தக் காலத்துப் படங்களில் கணவன் தோற்று மனைவி ஜெயிப்பதும், தோற்ற கணவன் அதைச் சந்தோஷமாக ஒப்புக்கொள்வதும் எத்தனை முறை நடந்திருக்கும்? நகைச்சுவை என்ற பெயரில் நடந்ததால் கொட்டகையில் இருந்த ஆண்களும் முகம் சுளிக்காமல் சிரித்தார்கள். பெண் புத்தி பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றியிருந்தால் பாதிப் பேர் சோடா குடிக்க எழுந்து போயிருப்பார்கள்.

'எழுதியவர் வேறு ஆள்' என்ற வாதத்துக்கு வருகிறேன். உடுமலை நாராயணகவி எழுதினார் என்பது உண்மை. 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்துக்கு அண்ணா கதை வசனம் எழுதினார் என்பதும் உண்மை. அந்தக் கதைக்கு மூலமாக ஓர் அமெரிக்கப் படம் இருந்தது என்பதையும் சேர்த்தே தம்பியிடம் சொல்லிவிடுங்கள், அவனுக்குத் தெரியாமல் இருந்தால். மறைக்க இதில் எதுவும் இல்லை. ஆனால் கலைவாணர் வேலை செய்த முறையைப் பார்க்க வேண்டும். புளிமூட்டை ராமசாமி போன்ற நகைச்சுவை நடிகர்களைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக ஒரு குழு வைத்திருந்தார். படத்தின் முக்கியக் கதை ஒரு பக்கம் ஓட, நகைச்சுவைப் பகுதியைத் தன் குழுவோடு தனியாக உருவாக்கிக் கொடுக்கும் வழக்கத்தைத் தமிழ் சினிமாவில் வேரூன்றச் செய்தவர் அவர். எதைச் சொல்வது, யாரை எழுத வைப்பது, யாருக்கு எந்த வரி, எங்கே பாட்டு என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் வெறும் நடிகராக இருக்க முடியாது. 1951-இல் 'மணமகள்' படத்தை இயக்கினார். பத்மினி தமிழில் கதாநாயகியாக நிலைபெற்றது அந்தப் படத்தில். அடுத்த ஆண்டு 'பணம்' படத்தை இயக்கினார். எம்.எஸ்.விஸ்வநாதனும் டி.கே.ராமமூர்த்தியும் இரட்டை இசையமைப்பாளர்களாக அறிமுகமானது அதில்தான். அந்த இரண்டு பேரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேட்ட காது அவருடையது. ஆள் தேர்ந்தெடுப்பதில் தெரியும் அறிவையும் அறிவு என்றுதான் சொல்ல வேண்டும்.

உடுமலை எழுதியதை மட்டும் எடுத்து, அதில் கலைவாணர் என்ன செய்தார் என்று பார்க்க ஒரு நல்ல இடம் இருக்கிறது. 'கிந்தனார்' கதாகாலட்சேபம், அதாவது பாகவதர் பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்லும் நிகழ்ச்சி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரத்தை அந்தக் காலத் தமிழ்நாடு முழுவதும் மனப்பாடமாக வைத்திருந்தது. நந்தன் தாழ்த்தப்பட்டவன், சிதம்பரம் போக ஏங்குகிறான், தீயில் இறங்கித் தூய்மையாகிக் கடவுளைச் சேர்கிறான். கிந்தனாரில் சிறுவன் கிந்தனும் தாழ்த்தப்பட்டவன். அவன் ஏங்குவது பள்ளிக்கூடத்துக்கு. ஊரில் படிக்க விடவில்லை. நகரத்துக்குப் போய்ப் படித்து அதிகாரியாக ஊர் திரும்புகிறான். தீ தேவைப்படவில்லை. எழுத்தளவில் இது கூர்மையான மாற்று. ஆனால் வெறும் எழுத்தாக இருந்திருந்தால் பகுத்தறிவுப் பத்திரிகை ஒன்றின் நடுப்பக்கத்தில் வந்து, ஏற்கெனவே ஒத்துக்கொண்டவர்கள் மட்டும் படித்திருப்பார்கள். கலைவாணர் அதைப் பாகவதராக உட்கார்ந்து, காலட்சேபத்தின் எல்லா மரியாதைகளோடும் நிகழ்த்துகிறார். ராகம் சுத்தமாக இருக்கிறது. பின்பாட்டு ஒழுங்காக இருக்கிறது. பாகவதர்கள் கதையை நிறுத்தி உபகதைக்குள் போகும் பாணி, ஒரு சொல்லை நீட்டிப் பொருள் சொல்லும் பாணி எல்லாம் அப்படியே இருக்கின்றன. பக்திக் கதை கேட்டுப் பழகிய காது எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பாதி வழியில்தான் தெரிகிறது, தான் தலையாட்டிக்கொண்டிருப்பது ஒரு பறையர் வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் போவதற்காக என்று. அந்த நேரத்தில் எழுந்து போக முடியாது, சிரித்தாகிவிட்டது.

அதில் ரயில் வரும் இடம் ஒன்று உண்டு. சக்கரம் சுழலும் தாளத்திலேயே பாட்டு ஓடுகிறது. எல்லாச் சாதியையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் ரயிலைப் பாகவதர் துதிக்கிறார், தெய்வத்தைத் துதிக்கும் அதே பாவத்தோடு. பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவனை 'தள்ளி நில்' என்று சொல்ல முடியாத இடம் ரயில் பெட்டி. நாகர்கோவில்காரர்கள் இதை இன்னும் ஒரு படி நெருங்கிக் கேட்க வேண்டும். அந்தப் பாட்டு வந்த காலத்தில் நம் ஊரில் ரயிலே கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் பாதை திறந்தது 1979-இல். திருநெல்வேலிப் பக்கம் இணைந்தது 1981-இல். தண்டவாளமே இல்லாத ஊரில் பிறந்தவர், முப்பது ஆண்டுக்கு முன்பே ரயிலை ஒரு சமூகச் சீர்திருத்தக்காரராகப் பாடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் பிறந்த ஊரைச் சுற்றி என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் தம்பி கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கருத்து முழுவதும் ஈரோட்டிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வந்தது என்று அவன் நினைக்கிறான். ஒடுக்கப்பட்ட பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. தலைப்பாகை மறுக்கப்பட்ட மக்களை அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டச் சொன்ன மண் இது. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்கலாமா என்பதற்காக 1926-இல் சத்தியாகிரகம் நடந்தபோது அவருக்கு வயது பதினேழு, பதினெட்டு. சுசீந்திரம் ஒழுகினசேரியிலிருந்து சில மைல் தொலைவுதான். திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பரில். அவர் சினிமாவில் காலடி வைத்திருந்த நேரம். சீர்திருத்தத்தை நகைச்சுவையாகச் சொல்வதும் நாஞ்சில் நாட்டுக்குப் புதிதில்லை. தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள்வழி உரிமையின் கொடுமையை ஒரு காரணவரின் (குடும்பத் தலைவரின்) ஐந்தாம் மனைவி வாயால் புலம்ப வைத்து எழுதினார். படித்த ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அப்படிச் சிரித்தவர்கள் வீட்டிலேயே அந்த வழக்கம் இருந்தது. 1926-இல் சட்டம் மாறியது. ஆகவே கிருஷ்ணன் பெரியாரைச் சந்திக்கும் முன்பே, சிரிப்பு என்ன வேலை செய்யும் என்பதைப் பார்த்த ஊரில் வளர்ந்தவர். பெரியாரிடமிருந்தும் அண்ணாவிடமிருந்தும் அவர் நிறைய எடுத்துக்கொண்டார், மறுக்கவில்லை. ஆனால் வெறுங்கையோடு போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவரை ஒரே கட்சியின் பிரச்சாரகராகப் பார்ப்பவர்கள் காந்தியை விட்டுவிடுகிறார்கள். காந்தி மறைந்த பிறகு நாகர்கோவிலில் சொந்தச் செலவில் நினைவுத் தூண் எழுப்பியவர் அவர். காந்தியின் வாழ்க்கையை வில்லுப்பாட்டாகப் பாடினார். பின்னாளில் வில்லிசை வேந்தராக அறியப்பட்ட சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்து வந்தவரும் அவர்தான். பெரியாரின் நண்பர், காந்தியின் பக்தர், 1951-இல் சோவியத் நாட்டுக்குப் போய் வந்தவர். இதை அவருடைய குழப்பம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடிக்காதே, படி, சாதி பார்க்காதே என்ற மூன்றையும் எந்த மேடை சொன்னாலும் அவர் அங்கே போய் உட்கார்ந்தார்.

காஞ்சிபுரத்தில் 1957 தேர்தலில் அண்ணாவுக்காக அவர் பேசிய பேச்சு ஒன்று இன்றும் மேடைகளில் சொல்லப்படுகிறது. எதிர்த்து நின்றவர் ஒரு மருத்துவர். கலைவாணர் அந்த மருத்துவரைப் புகழ்ந்துகொண்டே போனாராம்: கைராசிக்காரர், ஏழைகளுக்கு உதவுகிறவர். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில், இவ்வளவு நல்ல மருத்துவரைச் சென்னைக்குச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு உடம்பு சரியில்லாத நாளில் யாரிடம் போவீர்கள், அவர் இங்கேயே இருக்கட்டும், அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தாராம். சொல்லிச் சொல்லிக் கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனால் அதன் கட்டுமானத்தைப் பாருங்கள். எதிராளிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அந்த மருத்துவரே கூட்டத்தில் நின்றிருந்தாலும் சிரித்திருப்பார். இன்றைய மேடைப் பேச்சுகளைக் கேட்டுவிட்டு இதைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இனி தம்பி சரியாகச் சொல்லும் இடங்கள்.

சிரிப்பு வரவில்லை என்றால் வரவில்லைதான். 'உனக்கு ரசனை இல்லை' என்று தாத்தா கடிந்துகொள்வது பதிலாகாது. ஒரு காரணம் வேகம். அவர் ஒரு வரி சொல்லிவிட்டுச் சற்று நிற்பார். அந்த இடைவெளி கொட்டகையின் சிரிப்புக்காக விடப்பட்டது. தரையிலும் பெஞ்சிலுமாக நூற்றுக்கணக்கானவர்கள் சிரிக்கும்போது அடுத்த வசனம் காதில் விழாது. நாடக மேடையிலிருந்து வந்தவர் அதை அறிந்து காத்திருப்பார். கைப்பேசியில் ஒருவன் தனியாகப் பார்க்கும்போது அந்த இடைவெளி வெறுமையாக நிற்கிறது. போதாததற்கு, இரண்டு நிமிடத் துண்டுகளாக வெட்டிப் போடுகிறார்கள். கேள்வி கேட்கும் பாதி ஒரு துண்டில், பதில் வேறு துண்டில்.

இன்னொரு காரணத்துக்கு அவரேதான் பொறுப்பு. பிற்காலத்தில் அவர் பார்வையாளரை நேராகப் பார்த்து உபதேசிக்கத் தொடங்கிய இடங்கள் உண்டு. மக்கள் அவரை ஆசானாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், அவரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தெரியாதவராக நடித்த ஆள் எல்லாம் தெரிந்தவராக மாறியதும் அவருடைய மிகப் பெரிய பலம் போய்விடுகிறது. மதுவிலக்குக் காட்சிகள் சில இப்படிக் கெட்டுப்போயிருக்கின்றன. கருத்தில் எனக்கு முழு உடன்பாடு. கலையாக அவை அவருடைய சிறந்த வேலை அல்ல. ஆரம்பக் காலப் படங்களில் உடல் தோற்றத்தையும் பேச்சு வழக்கையும் வைத்துச் செய்த சில கேலிகளும் இன்று ரசிக்கும்படி இல்லை. தாத்தாவிடம் இதைச் சொன்னால் கோபப்படுவார். சொல்லத்தான் வேண்டும். நல்லதையும் சாதாரணமானதையும் ஒரே தட்டில் வைத்து எல்லாவற்றையும் மேதைமை என்றால், கேட்கிற பிள்ளை இரண்டையும் சேர்த்தே தள்ளிவிடுவான்.

பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கை இந்த விவாதத்தில் இழுப்பவர்களும் இருக்கிறார்கள். 1944 இறுதியில் கைதானார். தண்டனை பெற்றார். வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து, 1947-இல் அவரும், அதே வழக்கில் தண்டிக்கப்பட்ட நட்சத்திர நடிகர் தியாகராஜ பாகவதரும் விடுதலையானார்கள். அவருடைய அறிவுக்கும் நகைச்சுவைக்கும் இதில் ஒரு தொடர்பும் இல்லை. கவனிக்க வேண்டியது பிறகு நடந்ததைத்தான். பாகவதருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. கலைவாணர் வெளியே வந்து கிந்தனாரையும் 'நல்லதம்பி'யையும் 'மணமகளை'யும் 'பணத்தை'யும் தந்தார். உள்ளே இருந்த காலத்தில் மதுரம் அம்மையாரும் எஸ்.வி.சகஸ்ரநாமமும் என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்திக் குழுவைக் கட்டிக் காத்தது அதற்கு ஒரு காரணம். மக்கள் எதிர்பார்ப்பும் ஒரு காரணம். பாகவதரிடம் அவர்கள் ஒரு கனவை எதிர்பார்த்தார்கள். இவரிடம் தங்களில் ஒருவரை எதிர்பார்த்தார்கள். துன்பப்பட்டுத் திரும்பி வந்தவரை முன்னிலும் அதிகமாகத் தங்களில் ஒருவராகவே நினைத்தார்கள்.

வீட்டுச் சண்டைக்கு வழி கேட்டால், நான் சொல்வது இதுதான். துண்டுக் காட்சிகளை விட்டுவிடுங்கள். கிந்தனாரை முதலிலிருந்து முடிவு வரை, தாத்தாவும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்கட்டும். தாத்தாவுக்கு நந்தனார் சரித்திரம் நினைவிருந்தால் அதன் நான்கு வரிகளை முதலில் பாடிக் காட்டச் சொல்லுங்கள். மூலம் தெரியாமல் அதன் மாற்றை ரசிக்க முடியாது, தம்பிக்குச் சிரிப்பு வராததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். முடிந்தால் அடுத்த பங்குனி, சித்திரையில் எந்த ஊர்க் கொடையிலாவது தம்பியை வில்லுக்கு முன்னால் உட்கார வையுங்கள். புலவரைப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் இருந்து கேள்வி கேட்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மதுவிலக்குப் பிரசங்கம் சலிப்பூட்டுகிறது என்று அவன் சொன்னால், அந்த ஒரு விஷயத்தில் தாத்தா விட்டுக்கொடுக்கலாம்.